வெள்ளியன்று கறுத்த வெள்ளி

அன்று நடந்தவை, வரிசையாக:

1. ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்குச் சற்று முன்பு, தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றின் பின்சுவரை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்தேன்.

2. என்னோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மரியம் என்ற இளம்பெண், அவளுடைய மாமியார் காதர் பீவி.

3. அறையின் மூலையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

4. நாற்றம் சட்டென்று நின்றது, விளக்கை அணைத்தாற்போல.

5. சன்னல் சாத்தியே இருந்தது. கதவும்.

6. காதர் பீவி என் பக்கம் குனிந்து, "வந்துட்டா" என்றார்.

வந்தவள் பாத்திமா. காதர் பீவியின் மகன் ஷாகுலுடைய முதல் மனைவி. இதே அறையில், இதேபோல ஒரு வெள்ளிக்கிழமை மதியம், லேசான காய்ச்சலோடு பாயில் படுத்திருக்கிறாள். ஆண்கள் தொழுகை முடிந்து திரும்பியபோது அவளை எழுப்ப முடியவில்லை. சில வருடங்கள் கழித்து ஷாகுலுக்கு இரண்டாவதாக வந்தவள்தான் மரியம்.

ஏழாவதாக என்ன நடந்தது என்று எழுதுவதற்கு முன்னால், நான் அந்த அறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என்ன நாற்றம்?

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். சேர்ந்த சில மாதங்களில் காற்றைப் பற்றிய ஆய்வு ஒன்றில் என்னைப் போட்டார்கள். செம்பூரில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். தாராவியில் தோல் கொட்டகைகள். இரண்டு இடங்களிலும் வீடுவீடாகப் போய், என்ன நாற்றம், எவ்வளவு கடுமை என்று கேட்டு எழுதி வர வேண்டும். தமிழ் பேசுகிறவள் என்பதால் தாராவி எனக்கு வந்தது.

கேள்வித்தாளில் ஒரு பட்டியல் இருந்தது. அழுகிய முட்டை, சுண்ணாம்பு, கரிந்த முடி, மீன், சாக்கடை. பொருந்துவதற்கு எதிரே குறி போட வேண்டும். தாராவிப் பெண்கள் எல்லாவற்றுக்கும் எதிரே போடச் சொன்னார்கள். ஒருத்தி, மல்லிகைப்பூவை ஏன் சேர்க்கவில்லை, என் புருஷன் என்றைக்காவது வாங்கி வந்தால் அதையும் சொல்ல வேண்டாமா என்று கேட்டாள்.

பதில்களில் தப்பு எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. படித்தால் எனக்கே தூக்கம் வந்தது.

அப்போது நான் மாதுங்காவில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தையின் மகள் லலிதா என் வயதுக்காரி. ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். வினாத்தாள்களைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு அந்த நாளில் பலமாக இருந்தது. சிந்தனைக்கு ஆறு படிகள் உண்டு, கேள்விகளையும் அப்படியே பிரிக்கலாம் என்று அவள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். நம் பரீட்சைகள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் குறை.

லலிதா இதைச் சாப்பாட்டு வேளையிலும் விடவில்லை. "கொழம்புல உப்பு இருக்கான்னா முதல் படி. ஏன் ஜாஸ்தியாச்சுன்னா நாலாம் படி. இதைச் சாப்பிடத்தான் வேணுமான்னா ஆறாம் படி."

"பட்டினி கிடடின்னா அது ஏழாம் படி" என்றார் அத்தை.

என் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு லலிதா உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாமே முதல் படி வசு. இதுக்கு எதுக்குடி உனக்கு எம்.எஸ்ஸி.? மூக்கு இருந்தாப் போறுமே."

கோபம் வந்தது. ஆனாலும் நான் பட்டியல் போடுகிற ஜாதி. ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி எழுதினேன்.

அறிதல்: என்ன நாற்றம்?

புரிதல்: எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

பயன்படுத்தல்: வரும்போது என்ன செய்கிறீர்கள்?

பகுத்தல்: எப்போது வருவதில்லை?

நான்காவதை எழுதியதும் பேனா நின்றது. இத்தனை வீடுகளில் ஏறி இறங்கியும் அதை யாரிடமும் கேட்டதில்லை. இருப்பதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு படிகளையும் காலியாக விட்டுவிட்டு, மறுநாளே தாராவிக்குக் கிளம்பினேன்.

கறுத்த கொலுசு

பெரும்பாலான வீடுகளில் சாதாரணமாகத்தான் பதில் வந்தது. பெருநாளில் இருக்காது. வேலைநிறுத்தம் என்றால் இருக்காது. அடைமழையில் கொஞ்சம் குறையும்.

காதர் பீவியின் பதில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். தோளில் பை மாட்டிய பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான். முதல் தடவை போயிருந்தபோது, எல்லாத்துக்கும் குறி போட்டுக்கோ டீச்சர் என்று அனுப்பிவிட்டவர், இப்போது கதவைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம நிக்கும். அவ வரும்போது."

பிறகு தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் நாற்றம் தாங்க முடியாமல் வரும். திடீரென்று நிற்கும். நின்றால் பாத்திமா உள்ளே வந்துவிட்டாள் என்று அர்த்தம். கண் எரியும். தலை கனக்கும். பாயோரம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். எழுந்து வெளியே ஓடிவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து நாற்றம் மறுபடி தெரியும். அவள் போய்விட்டாள்.

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மரியமைக் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். மரியம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். கொலுசு இரும்புச் சங்கிலி போலக் கறுத்திருந்தது.

"புளி போட்டுத் தேச்சுக் குடுக்கேன். பளபளன்னு ஆவும். திரும்ப வெள்ளியன்னைக்கு வெள்ளி கறுத்துரும். மொதக்காரி இவள விடமாட்டேங்கா டீச்சர். எங்க அண்ணன் ஊர்லேருந்து வாராக. திரும்பிப் போறப்ப இவளக் கூட்டிட்டுப் போயி இவ உம்மா வீட்ல விட்டுருவாக."

மரியம் தலையை நிமிர்த்தவில்லை. என்னை வழியனுப்புகிற சாக்கில் சந்து முனை வரை வந்தாள். அங்கே வந்து நின்றதும்தான் பேசினாள்.

"போயிட்டா மறுபடி கூப்பிட மாட்டாக. எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு இப்பதான் எடம் பேசிட்டிருக்காக. பேய் புடிச்சுத் திரும்புனவளுக்குத் தங்கச்சின்னா யாரு கட்டுவா?"

அவள் பயந்தது பாத்திமாவுக்கு அல்ல. ரயிலுக்குப் பயந்தாள்.

நடைக்கோடியில் ஓர் அறை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கல்லூரியில் ரசாயனம் படித்தவர்களுக்கு நடைக்கோடியில் இருக்கும் அந்தச் சின்ன அறை தெரிந்திருக்கும். கிப் கருவி என்று ஒரு கண்ணாடிப் பாத்திரம். மூன்று குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. உப்புகளைச் சோதிக்க அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை எடுப்போம். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான்.

அந்த அறைக்குள் போவதற்கு முன் பெண்கள் வெள்ளி நகைகளைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவோம். வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். மறந்துபோய்க் கொலுசோடு போனவள் வீட்டில் வசவு வாங்குவாள்.

ஆகவே மரியமின் காலைப் பார்த்ததும் வாயுவின் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் தெரிவது முதல் படி. அது ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் இவ்வளவு கடுமையாக வருகிறது, வந்தது ஏன் நிற்கிறது? இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

ஏழாவது

அடுத்த வெள்ளிக்கிழமை ஈய அசிடேட் தாள்களை நறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். நனைத்துத் தொங்கவிட்டால் இந்த வாயு பட்ட இடத்தில் பழுப்பாகும். அதிகம் பட்டால் கறுக்கும். ஒன்றை உத்தரத்தில் கட்டினேன். ஒன்றைச் சன்னல் கம்பியில். ஒன்றைப் பாயின் தலைமாட்டில், தரையை ஒட்டி. இன்னொன்றை மோரியின் ஓரத்தில். பம்பாய் வீடுகளில் அறையின் மூலையிலேயே குளிக்க, பாத்திரம் கழுவ ஒரு தொட்டிமுற்றம் இருக்கும், அதுதான் மோரி. அதன் துளை வெளியே கொட்டகையின் கட்டரில், அதாவது சாக்கடையில், போய்ச் சேர்கிறது.

சந்து மேடேறிப் போனதால் அறை பள்ளத்தில் இருந்தது. படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வெளியே இருந்து வரும் நாற்றத்தைத் தடுக்கிறோம் என்று கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். எல்லா வெள்ளியும் அப்படித்தானாம்.

ஆண்கள் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அதன்பின் சந்து அடங்கியது. பகல் வேளையில் தாராவி அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. கட்டரில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் சுவருக்கு அப்பால் வந்தது. முதலில் ஒரு பக்கமிருந்து. பிறகு இன்னொரு பக்கமிருந்து.

நாற்றம் வந்தது. நின்றது. காதர் பீவி, வந்துட்டா என்றார்.

ஏழாவது இது. பாயின் ஓரம் அழுந்தியது. நான் சுவரோரம் இருந்தேன். மரியம் எனக்கு எதிரே, காதர் பீவி கதவுப் பக்கம். பாயில் யாரும் இல்லை. காற்று சுத்தமாக இருந்தது. கழுவிவிட்ட வீடு போல, ஒரு வாசனையும் இல்லாமல். தாராவியில் அத்தனை மாதங்களாக அலைந்தவளுக்கு அந்தச் சுத்தம்தான் சகிக்கவில்லை. எழ வேண்டும் என்று தோன்றியது. எழ மனமில்லை. படுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

அப்போது தலைமாட்டுத் தாள் கண்ணில் பட்டது. கறுத்துப் பளபளத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சன்னல் தாளும் கறுத்துக்கொண்டு வந்தது.

நாற்றம் இல்லை. தாள் கறுக்கிறது.

பாடப்புத்தகத்தில் இந்த வாயுவைப் பற்றி ஒரு வரி உண்டு. அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. பரீட்சையில் அந்த வரியை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அதை நினைத்ததே இல்லை. நின்றது வாயு அல்ல. எங்கள் மூக்கு.

மரியமின் கையைப் பிடித்து இழுத்தேன். காதர் பீவி கதவைத் திறந்தார். படி ஏறிச் சந்தில் போய் விழுந்தோம். மரியம் வாந்தி எடுத்தாள். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

சந்தில் நடந்த பேச்சு

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த ஷாகுல் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். அம்மாவிடம் பேசுகிற தமிழிலும் பாதி இந்தி இருக்கும். கொட்டகையில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான் தாளைக் காட்டினேன். உள்ளே பேய் எதுவும் இல்லை, தோல் தொட்டியிலிருந்து வரும் விஷவாயு என்று சொன்னேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "வெறும் கேஸ்தானா? அப்ப டர் இல்ல. நாத்தம் பந்த் ஆயிருச்சுன்னா நாங்க கட்டர் குழிக்குள்ளயே எறங்குவோம்மா. மரியம் எங்கயும் போக வேணாம். இங்கயே இருக்கட்டும்."

மரியம் அவரை நன்றியோடு பார்த்தாள்.

நாற்றம் நின்றால் அவள் வந்துவிட்டாள் என்று பெண்கள் ஓடுகிறார்கள். நாற்றம் நின்றால் பயமில்லை என்று ஆண்கள் குழியில் இறங்குகிறார்கள். பேய் இல்லை என்று நான் சொன்னது மரியமை அந்தப் பாயிலேயே படுக்க வைக்கப் பார்த்தது. இத்தனை நாள் அவளை வெளியே ஓட வைத்தது மாமியாரின் பயம்தான்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நாற்றம் நிற்பதுதான் ஆபத்து. நின்ற பிறகு யாரும் அங்கே இருக்கக் கூடாது. குழியிலும் இறங்கக் கூடாது. மரியம் இந்தக் குடும்பத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. இந்த அறையை விட்டுப் போக வேண்டும், எல்லோருமே.

காதர் பீவி கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆக, வாரது நெசம். நாங்க ஒரு பேரு வச்சோம், நீ ஒரு பேரு வச்சிருக்க. அப்படித்தான டீச்சர்?"

அப்படித்தான் என்றேன்.

அடுத்தது தொகுத்தல். ஏன் வெள்ளிக்கிழமை? ஷாகுலிடம் கேட்டேன். மற்ற நாட்களில் சுண்ணாம்புத் தொட்டியை ஒரு நேரம் காலி செய்வார்கள், ஆசிட் தொட்டியை வேறு நேரம். வெள்ளிக்கிழமை எல்லோரும் குளித்துத் தொழுகைக்குப் போக வேண்டும். அதனால் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு தண்ணீரும் இந்த அறையின் மோரித் துளைக்கு நேர் கீழே, ஒரே கட்டரில் கலக்கின்றன. சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு இருக்கிறது. ஆசிட் சேர்ந்தால் அதுவே கிப் கருவி.

"திறக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"நாந்தான். எல்லாரையும் அனுப்பிட்டு, லாஸ்ட்ல நான் திறந்துட்டுப் போவேன். எப்பவும் நாந்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. எப்பவும் என்றால் எப்போதிலிருந்து? பாத்திமா காய்ச்சலோடு படுத்திருந்த அன்றைக்கும்...

காதர் பீவி சொம்பை என் முன்னால் நீட்டினார்.

"போதும் புள்ள. தண்ணி குடி."

அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவர், முதல் தடவையாகப் புள்ள என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் கேட்க இருந்ததை அவர் எனக்கு முன்பே கேட்டுக்கொண்டுவிட்டார் என்று தெரிந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

ஆறாம் படி

லலிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பக்கம் பேசவில்லை. "பாதியில விட்டுட்டு வந்திருக்க. காரணம் எது, காரியம் எதுன்னு கோர்த்துட்டு, கடைசி முடிச்சைப் போடாம வந்தா அதுக்குப் பேர் ஆராய்ச்சியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எந்தத் தொட்டியும் மாறப் போவதில்லை, ஒரு மனிதர் மட்டும் மாறிப் போவார் என்றேன். அது விஞ்ஞானக் காரணமே இல்லை என்றாள். இல்லைதான். இன்று வரை நாங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகவில்லை.

ஒரு விஷயத்தை அவளிடமும் சொல்லவில்லை. பாய் அழுந்தியது. வாயு மூளையைக் குழப்பும், இல்லாததைக் காட்டும். எனக்கு அது தெரியும். அறிக்கையில் தாள்களின் நிறத்தை மட்டும் எழுதினேன்.

மரியம் ஒரு நாள் செம்பூர் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தாள். உள்ளே வர மறுத்துவிட்டாள். கையில் கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்குச் சந்துல ஒண்ணு கேக்க வந்து நிறுத்துனிய. அது என்னன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரவுக என்னைக்காவது வந்து கேட்டா, தெரியலன்னு சொல்லுவியளா?"

சொல்கிறேன் என்றேன்.

இப்போது உள்ள நிலை

ஆசிட் தொட்டியை வியாழக்கிழமை காலி செய்கிறார்கள். ஷாகுல்தான் கொட்டகை முதலாளியிடம் பேசி மாற்ற வைத்தார். நாற்றம் நின்ற குழியில் இப்போது யாரும் உடனே இறங்குவதில்லை என்று கேள்விப்படுகிறேன். எங்கள் கேள்வித்தாளில், எப்போது நாற்றம் இருப்பதில்லை என்ற கேள்வி சேர்ந்துவிட்டது.

அந்த அறையில் தோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குடும்பம் கோவண்டிக்குக் குடிபோய்விட்டது. காதர் பீவியின் அண்ணன் தனியாகவே ஊர் திரும்பினார். மரியமின் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று மரியமிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றாள். ஷாகுலுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இந்தத் தொடரை வாராவாரம் மரியம்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறாளாம். இந்த வாரம் என்ன செய்வாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை.